தாடைக்குக் கீழே ஒரு விரல்

சின்னவர் ஏதாவது நல்லது சொன்னால் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் பார்ப்பது பெரியவரின் வழக்கம். இருவரும் ஒரே அரங்கின் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவர்கள். முதல் நாற்காலியில் இருந்ததால் ஒருவர் பெரியவர், அடுத்த நாற்காலியில் இருந்ததால் மற்றவர் சின்னவர். மற்றபடி வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. முழங்கை உரச எத்தனையோ வருடம் உட்கார்ந்தும், சின்னவரின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பெரியவரால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

அரங்கில் மேடையின் இருபுறமும் புதிதாகப் பெரிய திரைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசிப்பவர்களின் முகம் அதில் தெரியும். ஒத்திகை முடிந்ததும் சோதித்துப் பார்ப்பதற்காக படம் பிடித்ததில் ஒரு துண்டை ஓட்டிக் காட்டினார்கள். கேமரா பெரியவரைக் கீழிருந்து பிடித்திருந்தது. ஒவ்வொரு முறை அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் தாடைக்குக் கீழே தொங்கிய சதை உப்பி, வடிந்து, மறுபடி உப்பியது.

"அண்ணே, மழைக்கு முன்னாடி தவளை கத்துமே, பாத்திருக்கீங்களா? அச்சு அசல்!" என்றார் டிரம்ஸ்காரர்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெரியவர்தான். அன்றிலிருந்து தவளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிய கச்சேரிப் பருவத்தின் முதல் நிகழ்ச்சியில் கிளாரினெட்டுக்கு நீண்ட தனி வாசிப்பு ஒன்று இருந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிடும். ஒரே ஒருவர் வாசிக்க வேண்டும். இதுவரை இப்படி எது வந்தாலும் அது பெரியவருக்கு என்று யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்காது. குழுவை நடத்தும் மாஸ்டர் இந்தத் தடவை, "தனி வாசிப்பு யாருன்னு அப்புறம் பாக்கலாம். திரையில முகம் பெருசா தெரியும், அதையும் யோசிக்கணும்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதனாலேயே தன்னைத்தான் சொல்கிறார் என்று பெரியவருக்குப் பட்டது. தனி வாசிப்பு கைமாறினால் முதல் நாற்காலியும் கைமாற அதிக நாள் ஆகாது.

கருவிகளைப் பூட்டி வைக்கும் அறையில் சின்னவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் இருந்துச்சு. இங்க பாருங்க, இப்ப இல்ல." தலையை நிமிர்த்தித் தன் கழுத்தைக் காட்டினார். தாடையின் கோடு சுத்தமாக இருந்தது. சாப்பாட்டைக் குறைத்ததில் வந்தது என்று பெரியவர் நினைத்திருந்தார்.

"என்ன பண்ண?"

"ஊசிண்ணே. கொழுப்பக் கரைக்கற ஊசி. ஆபரேஷன்னா துளை போட்டு, குழாய விட்டு உறிஞ்சி எடுப்பாங்க. மயக்க மருந்து, கட்டு, தழும்பு, அது ஒரு பாடு. இதுல கத்தியே கிடையாது. நாலு நாள் வீங்கும், அப்புறம் தானா வத்திடும்."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"நல்லதுக்குத்தாண்ணே."

அந்த 'நல்லதுக்குத்தான்' வீடு வரைக்கும் கூடவே வந்தது. பள்ளியில் கணக்கு எடுக்கும் மனைவி, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"அவர் சொன்னாருன்னு போறீங்களா? அவர் வாங்கிக் குடுத்த காபியையே மோந்து பாத்துட்டுதானே குடிப்பீங்க?"

"அவன் போட்டிருக்கான்ல. அவனுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அப்ப அவர நம்புறீங்க."

"அவன நம்பல. அவன் கழுத்த நம்புறேன்."

அவள் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு அவர் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி திருத்த ஆரம்பித்தாள்.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது சின்னவர் சொன்ன தோல் மருத்துவரின் அறை. படி ஏறும்போது புதுத் தோலின் வாசனை கூடவே ஏறி வந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு வட்டக் கண்ணாடி, கைகழுவும் தொட்டி, ஐஸ் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். அந்த நிதானமே பெரியவருக்கு உறுத்தியது.

"என்ன வேலை சார் பாக்கறீங்க?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கிளாரினெட் என்று சொன்னால், 'அட, உங்க ஆள் ஒருத்தர்கூட வந்தாரே' என்பார். இவர் வந்த சேதி அப்படியே சின்னவர் காதுக்குப் போகும். அங்கிருந்து மாஸ்டர் காதுக்கு. தவளை கழுத்தைக் குறைக்கப் போயிருக்கிறது என்று டிரம்ஸ்காரர் கொட்டு அடித்துச் சொல்வார்.

"ஆபீஸ் வேலை. கணக்குப் பாக்கறது."

டாக்டரம்மா தலையசைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். உடம்பில் பித்தம் கொழுப்பைச் செரிக்க வைக்கிறது. அந்தப் பித்தத்தில் இருக்கும் ஒரு பொருளைத்தான் மருந்தாகச் செய்கிறார்கள். அதைச் சின்னச் சின்ன அளவாகத் தாடைக்குக் கீழே போட்டால் கொழுப்புச் செல் உடையும், உடைந்ததை உடம்பே மெல்ல அப்புறப்படுத்தும். ஒரே தடவையில் முடியாது, இடைவெளி விட்டுச் சில தடவை வர வேண்டும். நிறையக் கொழுப்பு இருந்தால் ஆபரேஷன்தான் சரி. இவருக்கு இருப்பது கொஞ்சம், ஊசி போதும்.

"வேற எங்கயாவது போய்த் தொலைஞ்சா? பித்தம் கொழுப்ப மட்டும்தான் கரைக்கும்னு அதுக்குத் தெரியுமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தெரியாது சார். அதனாலதான் எங்க போடறோங்கறது முக்கியம். தாடை எலும்போட விளிம்ப ஒட்டி ஒரு நரம்பு ஓடுது. கீழுதட்டை இறக்கறது அதுதான். அதுலேர்ந்து ஒரு விரல் தள்ளித்தான் போடுவோம். அப்படியும் சில பேருக்கு வாய் ஒரு பக்கமா கோணும். பெரும்பாலும் தானா சரியாயிடும், ஆனா வாரக் கணக்கா ஆகும், சிலருக்கு மாசக் கணக்கா."

உதடு என்ற சொல்லுக்கு மற்றவர்களுக்கு இருக்கும் அர்த்தம் வேறு, பெரியவருக்கு வேறு. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். சின்னவரின் சுத்தமான தாடை கண்முன் வந்தது. அதே உதடுதானே அவனுக்கும். அவன் ஊதிக்கொண்டுதானே இருக்கிறான்.

"மருந்துப் பாட்டில என் கண்ணு முன்னாடிதான் திறக்கணும்" என்றார்.

"திறக்கறேன்."

மூடி உடையாமல் இருந்ததைக் காட்டினார். தேதியைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், போட்டுக்கொண்டும் படித்தார்.

வெள்ளைப் பென்சிலால் கழுத்தில் கோடு போடும் நேரம் வந்தது. "பல்லக் கடிச்சு, முகவாய இறுக்குங்க சார். தசை எங்க இருக்குன்னு பாக்கணும்." அவர் இறுக்கினார். "அப்படியே இருங்க. பரவாயில்லையே, நல்லா இறுகுது." பென்சில் தாடையின் கீழே ஊர்ந்தது. விரலை வைத்து அளந்து, கோட்டுக்குக் கீழே புள்ளிகளைப் பதித்தார். பெரியவர் பென்சிலைக் கவனிக்கவில்லை. அவருடைய கண் மேஜைமேல் இருந்த பாட்டிலிலேயே இருந்தது. கோடு போடும் நேரத்தில் யாராவது அதை மாற்றிவிடக்கூடும்.

ஊசி வலிக்கவில்லை. அதற்குப் பிறகு எரிந்ததுதான் அதிகம். இரண்டு நாளில் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்துத் தைத்தது போல வீங்கியது. தொண்டைக் கட்டு என்று லீவு சொல்லி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

"தவளை கம்மியாகும்னு போனீங்க. இப்ப தவளையோட மாமா மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஐஸை அவளே துணியில் சுற்றி ஒற்றினாள்.

வீக்கம் வடிய ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. தண்ணீர் குடித்தால் இடது ஓரத்தில் ஒழுகியது. கண்ணாடி முன் பல்லைக் காட்டினால் கீழுதடு வலப்பக்கம் இறங்கியது, இடப்பக்கம் அசையாமல் நின்றது. கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தார். காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று கசிந்தது. மேலே ஏற வேண்டிய சுரம் பாதியில் உடைந்து விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு சின்னவரைப் போனில் கூப்பிட்டார்.

"உனக்கு வாய் கோணுச்சா?"

"இல்லையேண்ணே. ஏன், போட்டுக்கிட்டீங்களா?"

அந்த 'இல்லையே'யில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததாக அவருக்குக் கேட்டது. போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பை எடுத்து எடுத்துப் பார்த்தார். யாருக்கு லாபம்? தனி வாசிப்பு யாருக்குப் போகும்? திரை வந்த கையோடு இவன் எதற்கு வந்து கழுத்தைக் காட்ட வேண்டும்? டாக்டரம்மாவும் அவனும் சேர்ந்துகூட இருக்கலாம். நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

அடுத்த நாள் மாஸ்டரின் அறைக்குப் போனார். "அவன் வேணும்னே அனுப்பிச்சிருக்கான் மாஸ்டர். என் உதட்ட கெடுக்கறதுக்கு."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"அடுத்தவர் மேல பழி போடறதுக்கு என் ரூமுக்கு வராதீங்க. வாசிக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"முடியும்" என்றார் பெரியவர். சொல்லும்போதே இடது உதடு கூடவே வரவில்லை. மாஸ்டரின் கண் அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தது.

"அப்ப ஒத்திகைக்கு வாங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

ஒத்திகைக்கு முன் டாக்டரம்மாவைப் பார்த்து ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினார். மனைவியும் கூட வந்தாள். "நீங்க கத்துவீங்க, யாராவது கேக்கறதுக்கு வேணும்ல" என்றாள்.

"எந்த மருந்தப் போட்டீங்க?" படியேறிய மூச்சு வாங்கும்போதே கேட்டார். "யார் சொல்லிப் போட்டீங்க?"

டாக்டரம்மா பதில் சொல்லாமல் அவரை உட்கார வைத்தார். சிரிக்கச் சொன்னார். விசில் அடிக்கச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். விரலால் தாடை விளிம்பை மெல்லத் தடவினார். "நரம்பு சோர்ந்திருக்கு. எப்படின்னுதான் புரியல. நான் தள்ளித்தானே போட்டேன். அன்னைக்குச் செஞ்ச மாதிரியே முகவாய இறுக்குங்க பாப்போம்."

அவர் இறுக்கினார்.

"எதுக்கு ஊதற மாதிரி வச்சுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஊதறதா?" டாக்டரம்மா திரும்பினார். "என்ன ஊதறது?"

"கிளாரினெட். வேற என்ன? வீட்டுல இந்த மூஞ்சிய இருபது வருஷமா பாக்கறேனே."

கீழே கடையில் யாரோ செருப்பைத் தரையில் தட்டிப் பார்க்கும் சத்தம் மேலே வந்தது. பெரியவர் தன் முகம் இருக்கும் நிலையை உள்ளிருந்து உணர்ந்தார். கீழுதடு பல்மேல் மடிந்திருந்தது. முகவாய் தட்டையாகக் கீழே இழுபட்டிருந்தது. இறுக்கு என்று யார் சொன்னாலும் அவர் முகத்துக்கு ஒரே ஒரு இறுக்கம்தான் தெரியும்.

டாக்டரம்மா பென்சிலை எடுத்து, எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு புள்ளி வைத்தார். "இப்ப தளர விடுங்க சார்." தளர்ந்தது. கீழே இழுபட்டிருந்த தோல் மேலே ஏறியது; அதோடு புள்ளியும் ஏறித் தாடை விளிம்பின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. வட்டக் கண்ணாடியில் பெரியவர் அதைப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலைன்னு சொன்னீங்களே சார்." அவர் குரலில் கோபம் இல்லை. "ஊதற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா இந்த இறுக்கத்துல நான் கோடே போட்டிருக்க மாட்டேன். ஆனா தளர விட்டு இன்னொரு தடவை பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு, அத நான் மறுக்கல. திரும்பி வந்துடும் சார். எப்பன்னு மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாது."

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடம் வந்ததும், "சின்னவர்கிட்ட போய்ப் பேசுங்க" என்றாள். அவ்வளவுதான்.

கருவிகள் அறையில் சின்னவர் கிளாரினெட்டின் உள்ளே துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் போட்ட பழியை மாஸ்டர் சொல்லியிருந்தார் என்பது சின்னவர் நிமிராததிலேயே தெரிந்தது.

"தப்பு என் மேலதான்" என்றார் பெரியவர். கோடு போட்டபோது நடந்ததைச் சொன்னார். வேலையை மாற்றிச் சொன்னதையும் சொன்னார்.

கேட்கக் கேட்கச் சின்னவரின் முகம் இளகியது. கடைசியில் சிரித்தேவிட்டார். "அட, எனக்கும் அதேதாண்ணே! இறுக்குன்னாங்க, நான் பாட்டுக்கு ஊதற மாதிரி வச்சுட்டேன். நாந்தான் முன்னாடியே சொல்லியிருந்தேனே கிளாரினெட்டுன்னு, அந்தம்மா சிரிச்சுட்டு, 'கச்சேரி அப்புறம் வச்சுக்கலாம் சார், இப்ப சும்மா இருங்க'ன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும்..."

பேச்சு பாதியில் நின்றது. துணி குழாயின் வாயில் தொங்கியது.

பெரியவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழக்கம். தன் முறை வரும்வரை வாயில் கருவியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்தான் அவருடைய பாதி வாழ்க்கை போயிருந்தது.

"இத எங்கிட்ட சொல்லல நீ."

"சொல்லல."

"மறந்துட்டியா?"

சின்னவர் துணியை இழுத்தார். மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"மறந்துட்டேன்னுதாண்ணே நினைக்கறேன்."

அவன் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சத்தியம் செய்திருந்தால் நம்பாமல் இருந்திருக்கலாம். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒத்திகையில் மாஸ்டர் குச்சியைத் தூக்குவதற்கு முன்பே பெரியவர் எழுந்து நின்றார். "என் உதடு சரியில்ல. தனி வாசிப்ப சின்னவர் எடுத்துக்கட்டும்." இருவரும் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். இரண்டாம் கிளாரினெட்டின் பகுதி தாழ்வாகவே ஓடும். அதைக் கோணல் வாயோடும் சமாளிக்க முடிந்தது.

நிகழ்ச்சி நாள் மாலை, மேடைக்குப் போகும் நடையில் சின்னவர் அவரைத் தனியாக இழுத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"அண்ணே, அந்த நீள வரி. எங்க மூச்சு எடுப்பீங்க? நீங்க எடுக்கறதே வெளிய தெரியாது. எனக்கு முடிவுல முட்டுது."

பெரியவர் அவரைப் பார்த்தார். அந்த இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. இப்போது 'ஒரு இடம்னு இல்லப்பா, அப்பப்ப வர்றதுதான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பொய்கூட அதிகம் இருக்காது. அப்புறம் யாராவது கேட்டால், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்று அவரே நம்பிவிடவும் கூடும். அது எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பதைப் பார்த்து அவருக்கே திக்கென்றது.

"உச்சத்துக்கு ஏறதுக்கு முன்னாடி, ரெண்டு சின்ன சுரம் கீழ இறங்குதுல்ல? அதுக்கு நடுவுல எடு" என்றார். "அங்க யாருக்கும் கேக்காது."

"அவ்வளவு சீக்கிரமாவா?" சின்னவர் விரலாலேயே காற்றில் அந்த வரியை வாசித்துப் பார்த்தார். "அங்க எடுத்தா வரியே ரெண்டா உடையுமேண்ணே."

"உடையாது."

சின்னவர் அவர் முகத்தில் எதையோ தேடினார். பெரியவருக்கு அந்தப் பார்வை தெரியும். காபியை மோந்து பார்க்கும் பார்வை அது.

மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. திரையில் சின்னவரின் முகம் பெரிதாக வந்தது. சுத்தமான தாடை, மூடிய கண். நன்றாகத்தான் வாசித்தார். வரி மெல்ல விரிந்து போனது. பக்கத்தில் பெரியவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சின்ன சுரங்கள் வந்தன. தோள் அசையவில்லை. அந்த இடம் கடந்து போய்விட்டது.

உச்சியில், முட்டிய மூச்சோடு, சுரம் ஓர் இழை நடுங்கியது. சின்னவர் சட்டென்று காற்றை இழுத்தது பெரியவருக்குக் கேட்டது. மாஸ்டருக்கும் கேட்டிருக்கும். கூடத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் நெடுநேரம் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் சின்னவர் பெரியவரின் பக்கமாகச் சாய்ந்தார். வியர்வை காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க சொன்ன இடத்துலயே எடுத்திருக்கலாம்ணே."

"ம்" என்றார் பெரியவர். ஆறுதலாகச் சிரிக்க நினைத்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் இறங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் சின்னவர் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அடுத்த பகுதிக்குக் குச்சியைத் தூக்கியதைக்கூட அவர் உடனே கவனிக்கவில்லை.